புட்டியும் குதிரையும்: விக்டோரியா கிராமங்களில் ஆறு நாட்கள்

டிசம்பர் 29, மெல்பர்ன்

ஓசூரில் முப்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பிறந்தது பக்கத்து மத்திகிரியில். எங்கள் ஊர் கால்நடைப் பண்ணை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கப்பட்டது. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் சென்னைக்கு வந்து இறங்கின. வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கரையோர அலையைத் தாண்டி மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் போய்க் குதிரைகளைக் கரை சேர்த்தன.

சின்ன வயதில் இதையெல்லாம் கேட்டதிலிருந்து அந்தக் குதிரைகள் புறப்பட்ட நாட்டைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. இப்போது மகள் மெல்பர்னில் இருக்கிறாள். "அப்பா, ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். கடற்கரை வேண்டாம், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மருந்துக்கடைகளும் கிராமத்துக் குதிரைப் பந்தயத் திடல்களும் போதும் என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று காரை எடுத்தாள்.

முதலில் மெல்பர்ன் அருங்காட்சியகம். ஃபார் லாப் என்ற குதிரையின் தோலைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் செம்பு நிறத்தில் மின்னுகிறது. ஓடிய 51 பந்தயங்களில் 37-இல் ஜெயித்த குதிரை. 1930-இல் இந்த நாட்டின் பெரிய பந்தயமான மெல்பர்ன் கோப்பையும் வாங்கியது. 1932 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் திடீரென்று செத்துப்போனது. இதயம் கான்பராவில், எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனில், தோல் இங்கே.

என்னை அந்தப் பெட்டிமுன் நிறுத்தி வைத்தது இன்னொரு விஷயம். இதன் பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்ட் கைப்பட எழுதிய டானிக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அதை 2008-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. குதிரைகளுக்குக் கொடுக்கும் டானிக்குகளில் ஆர்செனிக்கும் ஸ்ட்ரிக்னினும் சேர்ப்பது அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. ஆர்செனிக் என்றால் நம் பாஷாணம். ஸ்ட்ரிக்னின் எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சு. ஃபார் லாப்பின் பிடரி மயிரை ஆராய்ந்தவர்கள், சாவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு பெரிய அளவில் ஆர்செனிக் உடம்புக்குள் போயிருக்கிறது என்று கண்டார்கள். யாராவது கொடுத்த விஷமா, டானிக்கின் அளவு தப்பியதா என்ற வாதம் இன்னும் நடக்கிறது.

ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடாகச் சேர்ந்து 31 வருஷம் கழித்து நடந்த சாவு இது. ஆனால் டானிக் அந்தக் காலத்து மிச்சம். ஃபௌலர் கரைசல் என்று ஆர்செனிக் கலந்த சொட்டு மருந்து ஒன்று 1780-களிலிருந்து இருந்தது. மனிதருக்கு அது காய்ச்சலுக்கும் தோல் வியாதிக்கும். குதிரைக்கு ரோமம் பளபளக்க. ஒரே புட்டிதான்.

வெளியே வந்ததும், "இதைப் பாக்கறதுக்கா ஊர்ல இருந்து வந்தீங்க?" என்றாள் மகள். ஆமாம் என்றேன்.


டிசம்பர் 30, பல்லாரட்

மெல்பர்னிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம். 1851-இல் தங்கம் கிடைத்து ஒரே ஆண்டில் கூடாரக் காடாக மாறிய ஊர். இங்கே சாவரின் ஹில் என்று பழைய சுரங்க ஊரை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிரதான தெருவில் ஒரு மருந்துக்கடையும் உண்டு. ஜன்னலில் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவைகள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தூரத்திலிருந்தே மருந்துக்கடை என்று அடையாளம் காண அந்தக் காலத்தில் வைத்தவை.

உள்ளே நின்றபோது, அப்பாவோடு சின்ன வயதில் போன ஒரு பழைய கடை ஞாபகம் வந்தது. கம்பவுண்டர் கல்லுவத்தில் அரைத்து, புட்டியில் ஊற்றி, எத்தனை வேளை என்று தெரிய வெள்ளைக் காகிதத்தைப் படிப்படியாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். அதே நாற்றம் இங்கேயும். கிராம்புத் தைலம், கற்பூரம், கார்பாலிக்.

சுரங்கக்காரர்களுக்கு வந்த வியாதிகளை நினைத்துப் பார்த்தால் அவர்கள் எதையும் வாங்கிக் குடித்தது ஆச்சரியமில்லை. ஓடைத் தண்ணீரில்தான் மண் அலசினார்கள். அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். ரத்தபேதி, டைஃபாய்டு. ஈக்கள் கொண்டுவரும் கண்நோயில் கண் மணல் போட்டதுபோல் உறுத்தி வீங்கும். டாக்டர் கிடைத்தாலும் அவர் கொடுத்தது பல சமயம் பாதரச உப்பு. பல் ஆடும், ஈறு புண்ணாகும். அதோடு ஒப்பிட்டால், கற்றாழைப் பிசினும் இஞ்சியும் சோப்பும் சேர்த்து உருட்டிய ஒரு மாத்திரை நல்ல பிள்ளை. ஒருதரம் பேதியாகும், அவ்வளவுதான். தவறு மாத்திரையில் அதிகம் இல்லை. சகல வியாதிக்கும் அதுவே போதும் என்று சொன்ன விளம்பரத்தில் இருந்தது.

இவற்றைப் 'பேட்டண்ட் மருந்து' என்பார்கள். உண்மையில் பெரும்பாலானவற்றுக்கு காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வாங்கவேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதைச் சொன்னால் வியாபாரம் போச்சு. அதனால் பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டு சரக்கை ரகசியமாக வைத்தார்கள்.

மாலையில் லிடியார்ட் தெருவில் கிரெய்க்ஸ் ராயல் ஹோட்டல். வெள்ளைக் கட்டடம், மாடியில் வராந்தா. இதன் சொந்தக்காரர் வால்டர் கிரெய்க்கிடம் நிம்பிள்ஃபுட் என்று ஒரு குதிரை இருந்தது. 1870-ஆம் வருஷக் கோப்பையில் அது ஜெயிப்பதுபோல் அவர் கனவு கண்டாராம். கனவில் ஜாக்கியின் கையில் கருப்புத் துணி கட்டியிருந்ததாம். அப்படியானால் நான் அதற்குள் போய்விடுவேன் என்று நண்பர்களிடம் சொன்னார். ஆகஸ்டில் இறந்தார். நவம்பரில் குதிரை ஜெயித்தது, ஜாக்கி கையில் கருப்புப் பட்டை. அந்த ஊரில் இன்றும் சொல்லும் கதை இது. நாங்கள் கீழே உட்கார்ந்து டீ குடித்தோம். அடுத்த மேசையில் இருந்த வயதானவர் ஒருவர், நான் கேட்காமலே இந்தக் கதையை இன்னொரு தரம் முழுசாகச் சொன்னார். சொல்லும்போது தன் இடது கையைத் தொட்டுக் காட்டினார்.


டிசம்பர் 31, மகள் வீடு

இன்று வெயில் 40 டிகிரி. வெளியே போகவில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை 'ட்ரோவ்' என்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காலையிலிருந்து பீச்வொர்த் ஊரில் வந்த 'ஓவன்ஸ் அண்ட் மரே அட்வர்டைசர்' பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1855-இல் தொடங்கிய பத்திரிகை. முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான். செய்தி உள்ளே.

ஒரே தாளில் பந்தய அறிவிப்பும் மருந்தும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கப் பார்க்க அந்தக் காலத்து ஊர் கண்முன் வந்தது. கிராமத்துப் பந்தயத்தை நடத்தியது பெரும்பாலும் உள்ளூர் சாராயக்கடைக்காரர்தான். கடைக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலத்தில் கொடி நட்டு வட்டம் போட்டுவிட்டால் அது மைதானம். பரிசு பல இடங்களில் ஒரு சேணம், ஒரு கடிவாளம். புல் தின்று வளர்ந்த சவாரிக் குதிரைகளுக்கென்று தனிப் பந்தயம். ஒரே குதிரை ஒரே நாளில் இரண்டு மூன்று சுற்று ஓடி ஜெயிக்கவேண்டிய பந்தயங்களும் உண்டு. காலையில் டாக்டரைக் கூட்டிவர ஓடிய குதிரையும் மதியம் பந்தயத்தில் ஓடக்கூடிய காலம் அது.

பக்கத்துப் பத்தியில் ஹாலோவே மாத்திரை. தாமஸ் ஹாலோவே லண்டனில் 1837-இல் களிம்போடு தொடங்கியவர். விளம்பரத்துக்கு மட்டும் வருஷத்துக்குப் பல்லாயிரம் பவுன் செலவழித்தார். சேர்த்த பணத்தில் பெண்களுக்கென்று ஒரு பெரிய கல்லூரியும் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதியும் கட்டினார். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கெங்கிருந்து வந்தது என்று இந்தப் பத்திரிகைத் தாளைப் பார்த்தால் தெரிகிறது. உலகத்தின் இந்த மூலையில், சேறு பூசிய குடிசையில், குழந்தை வயிற்றுப்போக்கில் கிடக்கும் வீட்டிலிருந்தெல்லாம் அது போயிருக்கிறது.

1890-களுக்கு வந்தால் 'டாக்டர் வில்லியம்ஸ் ரோஜா மாத்திரை'. வெளிறிய மனிதருக்கு ரோஜா நிற மாத்திரை. உள்ளே முக்கியமாக இரும்பு உப்பு. கனடாக்காரர் ஃபுல்ஃபோர்ட் 1890-இல் இந்த மாத்திரையின் உரிமையை 53 டாலர் சொச்சத்துக்கு வாங்கி, விளம்பரத்தால் கோடீஸ்வரரானார். விளம்பரம் செய்தி மாதிரியே தொடங்கும். இன்ன ஊரில் இன்னார் மனைவி நடக்க முடியாமல் கிடந்தார், டாக்டர்கள் கைவிட்டார்கள், இன்று தோட்ட வேலை செய்கிறார். பெயர், தெரு, எல்லாம் இருக்கும். படிப்பவர் அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும்.

அந்தக் கடிதங்களை நாள் முழுக்கப் படித்தேன். மருந்து பற்றிச் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் வலியைப் பற்றிச் சொல்வதை நம்புகிறேன். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிப்பது, ராத்திரி தூக்கம் வராமல் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து அழுவது, வேலைக்காரியாகப் போன வீட்டில் மயங்கி விழுந்தது. ரத்தசோகை வந்த பெண் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொல்வது இதேதான். இவர்களுக்கு இரும்பு உப்பு கொஞ்சம் உதவியும் இருக்கும். அதுதான் கொடுமை. ஒரு வியாதிக்கு ஓரளவு கேட்ட மருந்தை முடக்குவாதத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் விற்றார்கள்.

இன்னும் கொடுமை குழந்தைகளுக்கு விற்ற சிரப்புகள். பல் முளைக்கும்போது அழும் குழந்தையைச் சாந்தப்படுத்த வின்ஸ்லோ அம்மாள் சிரப். அதில் மார்ஃபின். குழந்தை அழுகையை நிறுத்தும். சில குழந்தைகள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை. குளோரோடைன் என்று பெரியவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த காலிஸ் பிரௌன் காலராவுக்காகக் கண்டுபிடித்தது. அபின், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் ஒரே புட்டியில். பேதி நிற்கும், வலி தெரியாது. ஆனால் புட்டியை விடவும் முடியாது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம் என்று மகள் கேட்டாள். அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டாள். என் அக்காவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. ஏழு வருஷம் முன்பு யாரோ கொடுத்த நோட்டீஸைப் பார்த்து ஒரு பொடி வாங்கினாள். இன்சுலினை அடியோடு நிறுத்தலாம் என்று அதில் போட்டிருந்தது. குணமான நாலு பேரின் போட்டோவும் ஊர்ப் பெயரும் இருந்தன. மூன்று மாதம் ஊசியை நிறுத்தினாள். மெடிக்கல் வைத்திருக்கும் தம்பியிடம் சொல்லவில்லை, திட்டுவான் என்று. இடது காலில் இரண்டு விரல் போனது. இந்த மாதிரி விளம்பரத்தைத் தடுக்க 1954-இலிருந்து நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நகல் என் கடை மேசை டிராயரிலேயே இருந்தது.


ஜனவரி 1, ஹேங்கிங் ராக்

புத்தாண்டு அன்று பந்தயம். ஹேங்கிங் ராக் என்பது சமவெளியில் நூறு மீட்டருக்கும் மேலே எழும் எரிமலைப் பாறைக் கூட்டம். அதன் அடிவாரத்தில் மைதானம். இங்கே பந்தய கிளப் 1886-லிருந்து இருக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பிருந்தே இது பூர்வகுடிகள் கூடும் இடம். தங்கமும் ஆட்டுமந்தையும் வந்த பிறகு அவர்களை இந்த மண்ணிலிருந்து துரத்திவிட்டார்கள். பந்தயப் பலகைகளுக்கு நடுவே நின்றபோது அதை மறந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

மெல்பர்ன் கோப்பை நடக்கும் ஃபிளமிங்டன் மைதானம் மாதிரி பெரிய கூரைகள் இல்லை. காரின் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு, குடும்பம் குடும்பமாகப் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிற மாதிரி. மரக்கிளையில் துணி கட்டி நிழல் செய்திருந்த ஒரு குடும்பம் எங்களுக்கும் இடம் கொடுத்தது. மைதானத்துக்குள் கங்காருக்கள் வந்துவிடும், பந்தயத்துக்கு முன்னால் விரட்டவேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்.

முதல் மெல்பர்ன் கோப்பைக் கதையைச் சொன்னதும் அந்த வீட்டுப் பெரியவர்தான். 1861 நவம்பர் 7, வியாழக்கிழமை. இரண்டு மைல் ஓட்டம். 17 குதிரைகள் ஓடின. மூன்று விழுந்தன, இரண்டு அங்கேயே போயின. ஜெயித்தது ஆர்ச்சர். நியூ சவுத் வேல்ஸின் நௌரா பக்கத்திலிருந்து எட்டியன் டி மெஸ்ட்ரே கொண்டுவந்த குதிரை. அது 800 கிலோமீட்டர் நடந்தே வந்தது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நிஜத்தில் வந்தது நீராவிக் கப்பலில். அடுத்த வருஷமும் ஆர்ச்சரே ஜெயித்தது. 1863-இல் டி மெஸ்ட்ரே அனுப்பிய சம்மதத் தந்தி, மெல்பர்னில் அன்று விடுமுறை என்பதால் நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. ஆர்ச்சரை ஓட விடவில்லை. கோபத்தில் மற்ற ஊர்க்காரர்களும் விலகிக்கொள்ள, அந்த வருஷம் ஓடியது ஏழே குதிரைகள். ஏதோ போன வாரம் நடந்த அநியாயம் மாதிரி பெரியவர் தலையை ஆட்டினார்.

மூன்றாவது பந்தயம் முடிந்ததும் குதிரைகளைக் கழுவும் பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து சுருங்குகின்றன, உள்ளே ரோஜா நிறம். கழுத்தில் நரம்புகள் மரக்கிளைபோல் புடைத்திருந்தன. பதினெட்டு வயது இருக்கும் ஒரு பெண் வாளித் தண்ணீரை முதுகில் ஊற்றி, வளைந்த தகட்டால் வழித்து விட்டாள். வியர்வையும் நுரையும் கலந்து வயிற்றோரமாக வடிந்தது. அப்புறம் முன்னங்காலை மடியில் வைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலாலும் மேலிருந்து கீழாகத் தடவினாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாள். பிறகு ஒரு திரவத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். காற்றில் அந்த வாசனை வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கற்பூரமும் விண்டர்கிரீன் தைலமும். என் கடையில் மூட்டுவலிக்கு வாங்கிப்போகும் தைல வாசனை.

எலிமன் என்ற ஆங்கிலக் கம்பெனி இதை வைத்தே பெரிய வியாபாரம் செய்தது. மனிதருக்கு 'யுனிவர்சல்' தைலம், குதிரைக்கும் மாட்டுக்கும் 'ராயல்' தைலம். பிரபுக்களின் லாயத்தில் குதிரைக்கு நல்லது என்றால் நம் முதுகுக்கும் நல்லதுதானே என்று ஜனங்கள் நினைத்தார்கள். அந்தக் கணக்கு முழுத் தப்பும் இல்லை. சுளுக்கிய கால் மனிதருடையதானாலும் குதிரையுடையதானாலும், சூடு பறக்கத் தேய்த்தால் ஒரு சுகம். தேய்க்கிற கைக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பெண் குதிரையின் காலைத் தேய்த்த பொறுமையைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது.

பந்தயத்தில் நான் பணம் கட்டவில்லை. மகள் ஐந்து டாலர் கட்டினாள். அவளுடைய குதிரை நான்காவதாக வந்தது.


ஜனவரி 2, பீச்வொர்த்

வடகிழக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் கார். வழியெல்லாம் காய்ந்த மஞ்சள் புல்லும் யூகலிப்டஸ் மரங்களும். கண்ணாடியை இறக்கினால் நீலகிரித் தைலம் மணக்கிறது. ஊட்டித் தைலம் என்று நாம் நினைப்பது இந்த மண்ணின் மரம். 1843-இல் சென்னை ராணுவப் பொறியாளர் கேப்டன் காட்டன் அதை நீலகிரிக்குக் கொண்டுபோனார். இங்கேயோ ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர், தாவரவியலாளர் ஃபான் முல்லரின் தூண்டுதலில் 1850-களில் மெல்பர்னுக்குக் கிழக்கே வடிக்கத் தொடங்கினார். இலையின் குணம் பூர்வகுடிகளுக்கு அதற்கு முன்பே தெரியும். பொசிஸ்டோவின் தைலத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. லேபிளில் இருப்பதுதான் புட்டியிலும். அவர் பெயரில் இன்றும் விற்கிறது. இந்தத் தொழிலில் நான் மரியாதை வைக்கும் ஆள் அவர்.

பீச்வொர்த் பொன்னிறக் கருங்கல் கட்டடங்களின் ஊர். 1855-இல் தேர்தலுக்கு நின்ற டேனியல் கேமரனைத் தங்க லாடம் அடித்த குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட்டார்களாம். கல்லறைத் தோட்டத்தில் சீனச் சுரங்கக்காரர்கள் இறந்தவர்களுக்குக் காகிதம் எரித்த இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே கொஞ்ச நேரம் நின்றோம்.

பழம்பொருள் கடை ஒன்றில் அந்தப் புட்டி கிடைத்தது. வார்னர்ஸ் சேஃப் க்யூர். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வார்னர் என்பவர் முதலில் விற்றது இரும்புப் பெட்டி, பணம் வைக்கிற 'சேஃப்'. பிறகு சிறுநீரக மருந்தில் இறங்கி அதே பெயரை வைத்தார். பத்திரமான மருந்து என்றும் அர்த்தம் வருகிறது. 1887-இல் மெல்பர்னிலும் கிளை திறந்தார்.

டீக்காஷன் நிறக் கண்ணாடி. கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். முன்பக்கத்தில் பிதுங்கி நிற்கும் அச்சில் ஒரு இரும்புப் பெட்டி. கட்டைவிரலால் தடவினால் கதவின் விளிம்பு தட்டுகிறது. சுற்றிலும் நகரங்களின் பெயர்கள், மெல்பர்ன், லண்டன், டொராண்டோ, ராச்செஸ்டர். கழுத்தருகே கண்ணாடிக்குள் அகப்பட்ட ஒரு காற்றுக் குமிழ், மிளகளவு. அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. யார் குடித்த மிச்சமோ. சிறுநீரகம் கெட்டவர் என்றால் கால் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கியிருக்கும். இந்தப் புட்டியை ஒரு நாள் தூரம் போய் யாராவது குதிரையில் வாங்கி வந்திருக்கலாம்.

கடைக்காரர் இன்னொரு அலமாரியைக் காட்டினார். முழுக்கப் பச்சைச் சதுரப் புட்டிகள். வுல்ஃப்ஸ் ஷ்னாப்ஸ். சுரங்க ஊர்களில் எங்கே தோண்டினாலும் இதுதான் வருமாம். ஹாலந்து ஜின்னை, சிறுநீரகத்துக்கும் கீல்வாதத்துக்கும் மருந்து என்று விற்றது. வார்னர் புட்டியை மட்டும் வாங்கினேன். மகள் தன் பருத்தித் துப்பட்டாவில் சுற்றிக் கொடுத்தாள்.


ஜனவரி 3, சில்டர்ன்

நேற்றே போன் செய்து கேட்டிருந்தோம். டவ்ஸ் பார்மசியைத் திறந்து காட்டத் தன்னார்வலர் ஒரு அம்மா வந்திருந்தார். பீச்வொர்த்திலிருந்து அரை மணி நேரம். ஒரே கடைத்தெரு, தகரக் கூரை வராந்தாக்கள், ஆள் நடமாட்டம் குறைவு.

1859-லிருந்து 1968 வரை நடந்த மருந்துக்கடை. கடைசியாக நடத்தியவர் ஹில்டா டவ். விக்டோரியாவில் மருந்தாளுநராகத் தேர்ச்சி பெற்ற முன்னோடிப் பெண்களில் ஒருவர். கதவைச் சாத்தியபோது சரக்கை அப்படியே உள்ளே விட்டுவிட்டார்கள். இப்போது தேசியப் பாரம்பரிய அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. சாவரின் ஹில்லில் பார்த்தது திரும்பக் கட்டிய கடை. இது நிஜக் கடை. கவுண்டர் மரத்தில் காசு வைக்கும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. என் கடையிலும் அதே இடத்தில்தான் தேயும்.

முன்பக்கம் ஆயத்த மருந்துகள், தைலங்கள், சோப்பு, சீப்பு. பின்பக்கம் மருந்து கலக்கும் மேசை. அங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன். லத்தீன் லேபிள் ஒட்டிய கண்ணாடி ஜாடிகள், மாத்திரை உருட்டும் வரிப்பள்ளப் பலகை, சிறு தராசு. நஞ்சுகளுக்கு வரிவரியாக மேடு வைத்த கண்ணாடி. இருட்டில் கை தடவினாலும் இது நஞ்சு என்று தெரியவேண்டும் என்பதற்காக.

இந்தக் கடைக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பது அங்கேதான் உறைத்தது. ரகசிய மருந்துகளை விற்றதும் இந்த மாதிரிக் கடைகள்தான். லாபம் அதில்தான். மருந்தைத் தராசில் நிறுத்து, டாக்டர் எழுதியது தப்பென்றால் திரும்பக் கேட்டு, கணக்காகக் கலந்து கொடுத்ததும் இவர்கள்தான். என் கடையும் அப்படித்தான். எந்த டானிக்கையும் விற்கமாட்டேன் என்று நான் சொல்ல முடியாது. கேட்பவருக்குக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, இதை வாங்கினால் அதை நிறுத்தக்கூடாது என்று சொல்கிறேன். அக்காவுக்கு நடந்த பிறகு ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே சொல்லவைக்க இந்த நாட்டில் போராடியவர்களில் ஒருவர் டாக்டரே அல்ல, பியானோ செய்து விற்ற ஆக்டேவியஸ் பீல். ரகசிய மருந்துகளை விசாரிக்க அரசு அவரை நியமித்தது. 1907-இல் பெரிய அறிக்கையாகக் கொடுத்தார். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஒவ்வொரு மாத்திரையையும் உடைத்துச் சோதித்துக் கணக்கு வெளியிட்டது. பெட்டி ஒரு கினி பெறும் என்று விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையில் இருந்தது கற்றாழைப் பிசின், இஞ்சி, சோப்பு. ஒரு பெட்டி விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளே இருந்த சரக்கின் அடக்கம் அரை ஃபார்த்திங். அதாவது நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த அம்மாவிடம் நானும் மருந்தாளுநர் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மாத்திரைப் பலகையின் உருளையைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார். பித்தளை சில்லென்று இருந்தது. பள்ளங்களில் இன்னும் வெள்ளைத் தூள் மிச்சம். நான் படித்த காலத்தில் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒன்று இருந்தது, இருபத்து நான்கு மாத்திரை உருட்டி ஒவ்வொன்றையும் எடை போட்டோம் என்றேன். எடை சரியாக வந்ததா என்று கேட்டார். இரண்டு குறைந்தன, மறுபடி உருட்டச் சொன்னார்கள் என்றேன்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி ஒன்று. ஊரில் காலை ஏழரை. அக்காவுக்குப் போன் போட்டேன். குதிரை பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். குளிருதா என்றாள். இல்லை, இங்கே வெயில் என்றேன்.

"காலை ஊசி?"

"போட்டாச்சுடா. இப்பதான் போட்டேன். சாப்பிட உக்காந்திருக்கேன்."

எத்தனை யூனிட் என்று கேட்டேன். சொன்னாள். சரியாக இருந்தது.